இருபத்தெட்டு ஆம்பியர்

இருபத்திரண்டு மணி நேரமாக ரொட்டிக்கடைக்காரி ஒரு விஷயத்தை வாய்க்குள்ளேயே அடக்கி வைத்திருந்தாள். நேற்று பிற்பகல் மூன்று மணிக்கு உள்ளே போனது, இன்று ஒரு மணி வரைக்கும் வெளியே வரவில்லை. சுடச்சுட எதையோ வாயில் போட்டுக்கொண்டவள் போல, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல், யார் பேச்சுக் கொடுத்தாலும் "ம்ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நடமாடினாள்.

விஷயம் இதுதான். புதிதாக வாங்கிவந்த ஓவனுக்குத் தனி லைன் இழுக்க வந்த வயர்மேன், வேலை முடிகிற நேரத்தில் அவளிடம் ஒரு கேள்வி கேட்டார். சுவரில் இருந்த மின்பெட்டியின் மூடியைக் கழற்றி, மெயினை அணைத்து, உள்ளேயிருந்த ஒயரைக் கொஞ்சம் வெளியே இழுத்து, "இதைப் பிடிச்சுக்குங்க" என்று அவள் கையில் கொடுத்தார். மறு கையில் கரன்ட் அளக்கும் மீட்டரை வைத்திருந்தார். நண்டுக் கொடுக்கு போல வாய் திறந்து மூடுகிற மீட்டர். ஒயரை அந்த வாய்க்குள் விட்டு மூடினால், ஓடுகிற கரன்ட் எத்தனை ஆம்பியர் என்று காட்டும்.

கொடுக்கைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் சொன்னார், ஓவன் சரியாக ஓடுகிறதா என்று நாளைக்கும் வந்து பார்க்க வேண்டும் என்று. வாங்க என்றாள். மறுநாளும் பார்த்தால் நல்லது என்றார். அதற்கும் வாங்க என்றாள்.

"எனக்கு தினமும் வந்து பார்க்கணும் போல இருக்கு," என்றார் வயர்மேன், மீட்டரிடம் சொல்வது போல. "தினமும்னா வண்டிக்கு பெட்ரோல் ஊத்தி மாளாது. நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

அவள் சரி என்றாள். கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்றாவது சொல்லியிருக்கலாம். வயது ஐம்பத்தொன்று, யோசித்துப் பழகாதவளும் அல்ல. ஆனால் அவர் முடிப்பதற்கு முன்பே இவள் முடித்துவிட்டாள். அந்த நேரத்தில் தன் கை என்ன செய்துகொண்டிருந்தது என்றெல்லாம் அவளுக்கு நினைவில்லை. கொடுக்கு 'டக்' என்று மூடிய சத்தம் மட்டும் நினைவிருந்தது. பிறகு அவர் மெயினைப் போட்டார், மீட்டரைப் பார்க்காமலே தலையாட்டினார், ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப்பையில் தலைகீழாகச் செருகிக்கொண்டு கிளம்பினார். மின்பெட்டி திறந்தபடியே கிடந்தது. மீட்டர் ஒயரைக் கவ்வியபடியே தொங்கியது. இருபது வருஷ வேலையில் ஒரு வயர்மேன் தன் மீட்டரை மறந்துவிட்டுப் போனான் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வாசலில் நின்று ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மகளிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும், நாளைக்கு நான்கு மணிக்கு வருவேன், அதற்குள் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்ல வேண்டி வரும், எனக்குப் பேச வராது, ஏடாகூடமாகிவிடும்.

அந்த மகளிடம் சொல்வதுதான் ரொட்டிக்கடைக்காரிக்குப் பெரும்பாடாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லித்தருகிறாள். தெருவே டீச்சர் என்று கூப்பிடும், பெற்றவளும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டாள். அப்பா போனபோது டீச்சர் பள்ளி மாணவி. அன்றைக்கே வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, "நம்ம ரெண்டு பேர் போதும்மா" என்று சொன்னவள். அன்றிலிருந்து அம்மாவை அவள்தான் வளர்க்கிறாள். மழை வந்தால் குடை நீட்டுவாள், மாத்திரை போட்டாயா என்று கேட்பாள், ராத்திரி கதவைத் தாழ்ப்பாள் போட்டபின் இழுத்தும் பார்ப்பாள். அவளிடம் போய், ரெண்டு பேர் போதவில்லை, மூன்றாவதாக ஒருவர் வேண்டும் என்று எந்த முகத்தோடு சொல்வது? அவள் முகம் வாடிப்போனால் வயர்மேனுக்குச் சொன்ன சரியைத் திரும்ப வாங்க வேண்டியதுதான். வாங்கவும் மனசில்லை.

காலையிலிருந்து ஒத்திகை பார்த்தாள். பிசைந்த மாவிடம் அழகாகச் சொன்னாள். பிஸ்கட் டின்னிடம் அதைவிட அழகாகச் சொன்னாள். வீட்டின் முன்னறைதான் கடை. விடுமுறை நாள், டீச்சர் வீட்டில்தான் இருந்தாள். எதிரே போய் நின்று, "உன்கிட்ட ஒன்னு சொல்லணும்" என்று தொடங்கினாள். டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள்.

"உப்பு தீர்ந்துபோச்சு," என்றாள் அம்மா.

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு போய் உப்பு வாங்கிவந்தாள். பத்து மணிக்கு இன்னொரு முறை முயன்றபோதும் அதே உப்புதான் வாயில் வந்தது. பதினொன்றரைக்கும். டீச்சர் மூன்றாவது பாக்கெட்டை அலமாரியில் வைத்துவிட்டு, அம்மாவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

சுரம் இல்லை. சிரிப்புதான். காரணமே இல்லாமல் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு டஜன் பன் எண்ணும்போது வந்தது. பூனை நடந்துபோனதற்கு வந்தது.

பன்னிரண்டு மணிக்குப் பக்கத்துக் கடை டெய்லர் பன் வாங்க வந்தாள். தெருவில் யாருடைய இடுப்பு எத்தனை அங்குலம் என்பது மட்டுமல்ல, யார் மனசில் என்ன ஓடுகிறது என்பதும் தெரிந்ததாக நினைப்பு அவளுக்கு. தட்டைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டாள்.

"ஏம்மா, இன்னைக்கு பன்னுக்கெல்லாம் ஜடை போட்டிருக்க? ஸ்கூலுக்கு அனுப்பப் போறியா?"

ரொட்டிக்கடைக்காரி அப்போதுதான் பார்த்தாள். வழக்கமாகப் பெரிய இனிப்பு ரொட்டி ஒன்றைத்தான் மூன்று இழையாகப் பின்னுவாள். இன்றைக்கு ஒரு தட்டு பன்னும் ஜடை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவள் விரல்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. மனசு ஒரு இடத்தில் இல்லாதபோது கைக்கு எது அகப்பட்டாலும் முறுக்கும், பின்னும். துண்டின் நூல், பொட்டலம் கட்டுகிற சணல், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் தலைமுடி, எதுவும் தப்பாது.

"சும்மாதான்க்கா," என்றாள். உடனே சிரித்தாள். டெய்லர் நான்கு ஜடைகளை வாங்கிக்கொண்டு, விஷயத்தைக் கறக்காமல் போகிறோமே என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள்.

ஒரு மணிக்கு மதிய ஈடு ஓவனுக்குள் போயிற்று. மூடிப்போன ஒரு கேன்டீனிலிருந்து வாங்கிய பழைய ஓவன். நல்ல கனமான உடம்பு. பின்பக்கத் தகடு தேய்ந்து, அது எத்தனை வாட் என்று எழுதியிருந்த இடம் வழுவழுவென்று இருந்தது. அதைக் கண்டுபிடிக்கிறேன் என்று வாங்கிய அன்றே டீச்சர் சொல்லியிருந்தாள். தெரியாத பொருளை வீட்டில் ஓட விடுவது அவளுக்குப் பிடிக்காது. இந்த வீட்டு இணைப்பே மொத்தம் ஐந்து கிலோவாட்டுக்குத்தான். ஓவன் அதற்கு மேல் தின்றால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

திறந்து கிடந்த மின்பெட்டியைப் பார்த்ததுமே அவள் உதடு இறுகியது. இப்படியா ஒருத்தர் திறந்து போட்டுவிட்டுப் போவார் என்றாள். அம்மா மேசையைத் துடைக்கத் தொடங்கினாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

கொடுக்கு மீட்டர் தூங்கிப்போயிருந்தது. டீச்சர் பட்டனைத் திருகி எழுப்பினாள். எண் நடுங்கி நின்றது. இருபத்தெட்டு ஆம்பியர். பள்ளிக்கூடப் பையிலிருந்து தன் மீட்டரை எடுத்துவந்து வோல்ட்டேஜ் பார்த்தாள். இருநூற்று முப்பத்தொன்று. மேசையில் அம்மா துடைக்காமல் விட்டிருந்த மாவில் விரலால் இரண்டு எண்களையும் எழுதினாள்.

"இது என்னடி கணக்கு?" என்றாள் அம்மா, பேச்சு தன் பக்கம் திரும்பாத வரைக்கும் நல்லது என்று.

பாடம் கேட்க ஆள் கிடைத்துவிட்டால் டீச்சருக்குக் கோபம் இரண்டாம் பட்சம். வோல்ட் என்பது கரன்ட்டைத் தள்ளுகிற தள்ளு, ஆம்பியர் என்பது அந்தத் தள்ளில் ஓடுகிற ஓட்டம் என்றாள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் மின்தடை, அதாவது ஓவனுக்குள் இருக்கிற கம்பி எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பது. அது ஓம் கணக்கு. அதே இரண்டையும் பெருக்கினால் திறன். அது வாட் கணக்கு, எவ்வளவு வேகமாகச் சூடு வருகிறது என்பது.

அம்மாவுக்கு அது பிடித்துவிட்டது. அதே இரண்டு எண்கள். வகுத்தால் முரண்டு, பெருக்கினால் சூடு. தள்ளு மாறாமல் இருந்தால், முரண்டு குறையக் குறையச் சூடு ஏறுமாம். நேற்று மூன்று மணிக்குத் தன் முரண்டு எத்தனை ஓம் இருந்திருக்கும் என்று யோசித்தாள். தேடினாலும் கிடைத்திருக்காது. காது மடல் சுட்டது. திரும்பி நின்று சிரித்தாள்.

டீச்சர் சிரிக்கவில்லை. மாவில் எழுதி முடித்திருந்தாள். மின்தடை எட்டேகால் ஓம். திறன் ஆறாயிரத்து நானூற்று அறுபத்தெட்டு வாட்.

"ஆறரை கிலோவாட்டும்மா. வீட்டோட அளவே அஞ்சு. இதைப் போய் இந்த மெல்லிசு ஒயர்ல மாட்டிட்டுப் போயிருக்கார் அந்த மனுஷன். வீட்டைக் கொளுத்தப் பார்த்திருக்கார்."

"அவர் அப்படிப்பட்டவர் இல்லை," என்றாள் அம்மா. சொன்ன வேகம் கொஞ்சம் அதிகம்.

"எப்படிப்பட்டவர்னு எண்ணே சொல்லுதே. இனிமே இந்த ஆளை வீட்டுப் பக்கம் கூப்பிடாதே. வேற ஆளைப் பார்க்கலாம்."

நாக்கு நுனி வரை வந்திருந்த விஷயம் தொண்டைக்குழிக்குத் திரும்ப ஓடியது. இனி அதை எப்படி வெளியே இழுப்பது? வேறு ஆளைப் பார்க்கலாமாம். அம்மாவுக்கு அழுகை வர வேண்டிய இடம். இருபத்திரண்டு மணி நேரச் சிரிப்பு அதற்கும் வழி விடவில்லை. விக்கல் வந்தது.

டீச்சர் வயர்மேனுக்குப் போன் போட்டாள். எடுத்ததும், "வீட்டுக்கு வந்து என்ன வேலை பண்ணிட்டுப் போயிருக்கீங்க?" என்றாள். அந்தப் பக்கம் ஏணியிலிருந்து ஏதோ விழுந்து உருண்ட சத்தம் கேட்டது. அப்புறம், நாலு மணிக்கு நேரில் வந்து எல்லாம் பேசுவதாகவும், தன் மேல் கோபம் இருந்தால் நியாயம்தான் என்றும், அம்மாவை மட்டும் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றும் மூச்சிரைக்கச் சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

"பார்த்தியா, குத்தம் பண்ணினவன் பேசுற மாதிரியே பேசுறார்," என்றாள் டீச்சர். "உன்னை ஏன் நான் சொல்லப் போறேன்?"

அம்மா விக்கினாள்.

டீச்சர் சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு மின்பெட்டி முன்னால் போய் நின்றாள். நெற்றியைச் சுருக்கினாள். அவள் கோபக்காரிதான், ஆனால் கணக்கு உறுத்தினால் கோபத்தை ஓரமாக வைத்துவிடுவாள். அந்த லைனுக்கு வயர்மேன் போட்டிருந்த பிரேக்கர், கரன்ட் அளவுக்கு மீறினால் தானே விழுந்து லைனை அறுக்கிற பொத்தான், பதினாறு ஆம்பியர்தான். இருபத்தெட்டு ஓடினால் சில நிமிஷங்களில் விழுந்திருக்க வேண்டும். ஓவன் போட்டு இருபது நிமிஷம் ஆகிறது. பிரேக்கர் அலட்டிக்கொள்ளாமல் நிமிர்ந்து நின்றது. ஒயரைத் தொட்டுப் பார்த்தாள். அதுவும் சூடாகவில்லை.

பன் வெந்த வாசனை வந்தது. வழக்கமான நேரம், வழக்கமான நிறம். அம்மா தட்டை வெளியே எடுத்தாள்.

டீச்சர் மெயினை அணைத்தாள், ஓவனின் பெரிய பிளக்கை உருவினாள், தன் மீட்டரை ஓம் பக்கம் திருப்பி பிளக்கின் இரண்டு கால்களிலும் முனைகளை வைத்தாள். கணக்குப்படி எட்டேகால் வர வேண்டும். பதினாறு புள்ளி மூன்று வந்தது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். அதேதான்.

மாவின் முன்னால் வந்து நின்று இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தாள். கம்பி சூடானால் தடை ஒரு நூல் கூடும், அவ்வளவுதான். பாதியாகக் குறைய வழியே இல்லை. அப்படியானால் தடையில் பிழை இல்லை. வோல்ட்டேஜிலும் பிழை இல்லை, அது அவளே அளந்தது. மிச்சம் இருப்பது இருபத்தெட்டுதான். அது பதினான்காக இருந்திருந்தால்? விரலால் அழித்து எழுதினாள். வகுத்தால் பதினாறரை ஓம். பெருக்கினால் மூவாயிரத்து இருநூற்று முப்பத்து நான்கு வாட். ஒயர் தாங்கும், பிரேக்கர் தாங்கும், வீடு தாங்கும். ஒரு நல்ல வயர்மேன் செய்திருக்கக்கூடிய வேலைதான்.

"ரெண்டு மடங்கு காட்டுது," என்று தனக்குள் சொன்னாள். "சரியா ரெண்டு மடங்கு."

பிறகு மின்பெட்டிக்குள் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே இருந்தாள். தோள் குலுங்கியது. அம்மா பயந்துபோய்த் தட்டை வைத்துவிட்டு ஓடினாள். டீச்சர் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மீட்டரின் கொடுக்குக்குள் ஒயர் ஒருமுறை போகவில்லை, இரண்டுமுறை போயிருந்தது. உள்ளே போய், வெளியே வந்து, ஒரு வளையம் சுற்றி, மறுபடியும் உள்ளே. பாவம் மீட்டர், ஒரே கரன்ட்டை இரண்டு தடவை எண்ணியிருக்கிறது. டீச்சர் மாவுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகமெல்லாம் வெள்ளையானது. வயர்மேன் சாரைப் போய்த் திட்டிவிட்டேனே என்றாள். ஆனால் கரன்ட் வேலை செய்கிறவர் யாரும் இப்படிச் சுற்ற மாட்டார்களே என்றும் சொன்னாள். ரொம்பச் சின்ன கரன்ட்டை அளக்கப் பத்து சுற்று சுற்றுவார்கள், அது தெரிந்தே செய்வது. இதற்கு எதற்கு ரெண்டு?

கேட்டுக்கொண்டே வளையத்தை விரலால் தூக்கிப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல அடங்கியது. ஒயர் வெறுமனே சுற்றியிருக்கவில்லை. கொடுக்குக்கு வெளியே இரண்டு இழையும் ஒன்றின் மேல் ஒன்றாக முறுக்கி, வளையத்தின் மடிப்பு உள்பக்கமாகச் செருகப்பட்டிருந்தது. டீச்சர் அதைப் பார்த்தாள். தட்டிலிருந்த பன்களைப் பார்த்தாள். மறுபடி ஒயரைப் பார்த்தாள்.

"அம்மா. இது உன் கை."

ரொட்டிக்கடைக்காரியின் விரல்கள் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தன. இருவரும் அதைப் பார்த்தார்கள். விரல்கள் நின்றன.

அவர் ஒயரைப் பிடிக்கச் சொன்னார், பிடித்தேன் என்றாள் அம்மா. அவர் பேசிக்கொண்டிருந்தார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கொடுக்கு திறந்திருந்தது. கை பாட்டுக்கு உள்ளே விட்டுப் பின்னியிருக்கிறது. இரண்டு பேருமே பார்க்கவில்லை.

"எதைப் பார்த்தீங்க ரெண்டு பேரும்?" என்றாள் டீச்சர்.

அம்மாவின் விக்கல் நின்றுபோயிற்று.

டீச்சர் கொடுக்கைத் திறந்து மீட்டரை விடுவித்தாள். பின்னலைப் பிரிக்கவில்லை. மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்து, சூடான பன் ஒன்றை எடுத்து, அதன் ஜடையைப் பிய்த்துப் பாதியை அம்மாவிடம் நீட்டினாள். பரீட்சைத் தாளை ஒன்றுக்கு இரண்டு முறை பார்க்கிற பார்வையோடு கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்தாள்.

"அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்ப என் தலையைப் பின்னிட்டே இருந்தியே, நினைவிருக்கா?" என்றாள். "ரெண்டு நாள் தலைவலி போகலை, அவ்வளவு இறுக்கம். எனக்கு வேலை கிடைச்ச அன்னைக்கும் பின்னின. வாசல் தாண்டுறதுக்குள்ள அவுந்துபோச்சு."

ஒயர் பக்கம் மோவாயைக் காட்டினாள்.

"இது தொளதொளன்னு இருக்கு. நேத்து நீ பயப்படலை. சந்தோஷமா இருந்திருக்க." பன்னை ஒரு கடி கடித்துக்கொண்டாள். "இவ்வளவு தொளதொளன்னு நீ பின்னி நான் பார்த்ததே இல்லம்மா. மூணு பாக்கெட் உப்பு வாங்கியாச்சு, இன்னும் வாங்க வைக்காதே. என்ன நடந்துச்சு? சொல்லு."

அம்மா பாதி பன்னைக் கையில் வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள். முகம் வாடியிருக்கவில்லை. மாவு அப்பியிருந்தது, அவ்வளவுதான். வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. நான்கு மணிக்கு வர வேண்டியவர் ஏணியிலிருந்து இறங்கியதும் நேராக வந்துவிட்டார் போல. பக்கத்துக் கடையில் தையல் மெஷின் சட்டென்று நின்றது. மாவிடமும் பிஸ்கட் டின்னிடமும் சொன்ன அழகான வாக்கியங்களில் ஒன்றுகூட அவளுக்கு நினைவு வரவில்லை.

"வயர்மேன் என்னைக் கட்டிக்கிறேன்னு கேட்டார்டி," என்றாள். "அவர் கேட்டு முடிக்கிறதுக்குள்ள நான் சரின்னுட்டேன்."